4கே என்ற முத்திரைக்குப் பின்னால்

2019 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப்போர் அத்தியாயத்தைப் பார்த்தவர்களில் பலர், திரையில் எதுவுமே தெரியவில்லை என்று குமுறினர். படமாக்கியதில் குறையில்லை, தொலைக்காட்சியைச் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரியாததும், வீட்டுக்கு வருமுன் படம் சுருக்கப்படுவதுமே காரணம் என்றார் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர். பழியைப் பார்வையாளர் மீதும் போட்டதை நான் ஏற்கவில்லை. ஆனால், அவர் சொன்ன இரண்டாவது காரணம் இன்றும் உரிய கவனத்தைப் பெறவில்லை.

முழு எச்டி படத்தின் ஒரு சட்டகத்தில் 1920-க்கு 1080 என 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 24 சட்டகம் எனக் கணக்கிட்டால், நொடிக்குச் சுமார் 119 கோடி பிட் தேவை. நெட்ஃபிளிக்ஸ் இத்தரத்துக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகமோ 5 மெகாபிட்; அதாவது 50 லட்சம் பிட். அந்த வேகம் முழுவதையும் படமே எடுத்துக்கொண்டாலும், வீடு வந்து சேர்வது ஏறத்தாழ 240-இல் ஒரு பங்குதான்.

இது மோசடியன்று, வியக்கத்தக்க பொறியியல். அடுத்தடுத்த சட்டகங்களில் மாறாத பகுதிகளைத் திரும்ப அனுப்பாமல், கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறார்கள். கழிவில் முதலில் பலியாவது இருள், புகை, மழை. கருநிழல் படிப்படியான திட்டுகளாகத் தெரிவது இதனால்தான்.

கோப்பின் பெயரில் உள்ள எம்பி4, எம்கேவி என்பவை வெறும் பெட்டிகள். பெட்டியின் பெயரைக் கொண்டு உள்ளிருப்பதை எடைபோட முடியாது. உள்ளே படத்தைச் சுருக்கிய முறை எது என்பதே முக்கியம். 2003-இல் வந்த எச்.264, 2013-இன் எச்.இ.வி.சி, 2018-இன் ஏவி1 என ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த பிட்டில் அதே தரத்தைத் தர முயல்பவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் புதிய முறைகளைப் படிக்க இயலாமல் திணறுவதும் உண்டு.

4கே என்றால் எச்டியைப்போல நான்கு மடங்கு புள்ளிகள். அவ்வளவே அந்தச் சொல் தரும் உறுதி. 4கே புளூ-ரே வட்டு நொடிக்கு 128 மெகாபிட் வரை தரவல்லது. இணையவழி 4கேவுக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் 15 மெகாபிட். இரண்டின் மீதும் ஒட்டப்படும் முத்திரை ஒன்றே. பிட் போதாத 4கேவைவிட, நன்றாகத் தயாரிக்கப்பட்ட எச்டி வட்டு கண்ணுக்கு இதமாக இருக்கக்கூடும்.

2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தின்போது, அலைபேசி இணைப்புகளில் தரத்தை 480 வரிகளுக்குள் நிறுத்த இந்தியாவில் இயங்கும் ஒளிபரப்புத் தளங்கள் ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன. அன்றைய நெருக்கடியில் அது சரியான முடிவே. ஆயினும், திருகு யார் கையில் இருக்கிறது என்பதையும் அது காட்டியது. சாதாரண நாள்களில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைச் சந்தாதாரர் அறிய வேண்டாமா?

கட்டணத் திட்டங்களில் புள்ளிகளின் எண்ணிக்கையோடு, சராசரி பிட் வேகத்தையும் சுருக்கு முறையையும் குறிப்பிடுமாறு விதி வேண்டும் என்பது என் கருத்து. உணவுப் பொட்டலத்தில் எடையை அச்சிடச் சொல்வதைவிடக் கடினமானதல்ல இது. அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு: கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைக்கப்பட்ட 'விவிட்' அமைப்பை விடுத்து, 2019-இல் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர்' அமைப்பு உங்கள் பெட்டியில் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் படம் மங்கலாகத் தோன்றும். பிறகு கண் பழகிவிடும்.