நமக்குத்தான் வாயடக்கம் வேண்டும்!

எங்கள் நயினார்கோவிலுக்கு அந்தப் பெயர் வந்த கதை தெரியுமோ உங்களுக்கு? முன்னொரு காலத்தில் ஒரு முல்லா சாயபு, வாய் பேசாத தம் மகளை நாகநாத சுவாமி கோயிலுக்கு அழைத்து வந்தாராம். வாசுகி தீர்த்தத்தில் குளித்துவிட்டு சந்நிதியில் வந்து நின்ற அந்தப் பெண், 'அல்லா நயினார்' என்று வாய் திறந்து கூப்பிட்டாளாம். அதிலிருந்து ஊருக்கே நயினார்கோவில் என்று பெயராயிற்று என்பார்கள்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது மூன்று மாதத்துக்கு முன்புதான்.

எங்கள் அடுத்த வீட்டுப் பெண் பரமக்குடியில் கல்லூரி முதல் வருஷம் படிக்கிறாள். அவள் அத்தாவுக்கு பஹ்ரைனில் வேலை. என் மடியில் வளர்ந்தவள்; என்னைப் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடுவாள். சின்னவளாக இருந்தபோது பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருப் பையன்களை ஓட்டத்தில் தோற்கடிப்பாள். பெரியவளான பிறகு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆயிற்று. அவ்வளவுதான்! வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். "இப்படியே போனா மாப்பிள்ளைக்கு எங்கே போறது?" என்றார் ஓர் உறவுக்கார அம்மாள். நான் மட்டும் லேசுப்பட்டவளா? "என்னடி, பூசணிக்காயாட்டம் ஆயிட்டே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். பிரியமாகக் கேட்டதாகத்தான் என் நினைப்பு.

ஒரு நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தவள், எங்கள் வாசற்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 கிராம்தான். வயது வந்த பெண்ணுக்கு 12-க்குக் குறையக்கூடாது என்றார் டாக்டரம்மா. துருவித் துருவிக் கேட்டதில் உண்மை வெளியே வந்தது. மாதக்கணக்கில் காலையில் பட்டினி. மத்தியான டப்பாவையும் தோழிகளுக்குக் கொடுத்துவிடுவாளாம்.

நானோ சும்மா இருக்காமல், "முக்காடு, பர்தான்னு வீட்டிலே அடக்கி வெச்சதாலேதான் இப்படி மனசு சுருங்கிப் போனியோ?" என்று கேட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "முக்காடு நானா விரும்பிப் போடறது பெரியம்மா. அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ள விஷயம். நீங்க எல்லாரும் என் உடம்பைப் பத்திப் பேசறீங்களே, அதுதான் தாங்க முடியல்லே."

எனக்குச் சுருக்கென்றது.

பிறகு செல்போனில் இரண்டு படங்கள் காட்டினாள். ஒன்று, மொராக்கோ நாட்டு நவால் எல் முத்தவகில். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். அரபுப் பெண்களில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அரை டிராயரில் ஓடுகிறார். இன்னொன்று, அவள் அத்தா வேலை பார்க்கும் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா. தலையில் முக்காடு, உடம்பு முழுக்க மூடிய உடை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம்! "ரெண்டு பேரும் எங்க மார்க்கத்துப் பொண்ணுங்கதான் பெரியம்மா. அவங்கவங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஓடினாங்க" என்றாள்.

எல்லாப் பெண்களுக்கும் இப்படித் தன் விருப்பம்போல் அமைந்துவிடுவதில்லை என்பதும் உண்மைதான். துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மாவை வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல்தான் எழுதினார். அவர் எழுதியதை ரகசியமாக வெளியே கொண்டுபோய் அனுப்பியது பெற்ற தாயார்! பெண்ணின் உடம்பையும் மனசையும் ஒளிக்காமல் எழுதியதற்காக ஏச்சுப் பேச்சுகளும் வாங்கினார். 2000-ல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 2001-ல் அதே ஊரில் பேரூராட்சித் தலைவி. 2025-ல் டில்லி ராஜ்யசபையில் உறுப்பினர். மகளின் வாயை மூடாத ஒரு தாய் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம், பாருங்கள்!

இப்போது எங்கள் பெண்ணுக்கு டாக்டரம்மா தந்த இரும்புச் சத்து மாத்திரையோடு முருங்கைக்கீரை, கேழ்வரகு அடை, எள்ளுருண்டை எல்லாம் நடக்கிறது. அவர்கள் வீட்டில் மீனும் ஆட்டு ஈரலும் உண்டு. கீரை சாப்பிடும்போது நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தியாயிற்று. போன வாரப் பரிசோதனையில் 11-ஐத் தொட்டுவிட்டது. அதிகாலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடப் போகிறாள். துணைக்கு நான் மூச்சிரைக்கப் பின்னால் நடக்கிறேன்!

சகோதரிகளே, வயதுக்கு வந்த பெண் வீட்டில் இருந்தால் குண்டு, ஒல்லி, கறுப்பு என்ற வார்த்தைகளைக் கேலிக்குக்கூட எடுக்காதீர்கள். "சாப்பிட்டியா? தலை சுத்துதா? மாசாமாசம் சரியா வருதா?" என்று கேளுங்கள். என்ன உடுத்தப் பிரியம் என்பதையும் அவளிடமே கேளுங்கள்.

வாய் பேசாத பெண்ணைப் பேச வைத்த ஊர் எங்கள் ஊர். பேசிக்கொண்டிருந்த பெண்ணை என் வாயாலேயே ஊமையாக்கப் பார்த்தேனே! நாகநாதர் சந்நிதியில் கன்னத்தில் போட்டுக்கொண்டுவிட்டு வந்தேன்.