தூவிய புல்லும் வளர்ந்த புல்லும்

மாதிரி ரயில் அமைப்போரிடையே ஒரு வழக்கு வேரூன்றிவிட்டது. தண்டவாளம் பதித்து, மின்னிணைப்புக் கொடுத்து, வண்டி ஓடத் தொடங்கிய பின்னர் எஞ்சிக் கிடக்கும் பலகைப் பரப்பை ‘நிரப்புவது’ என்பதே அது. கடையில் விற்கும் மரங்கள் ஒரு டஜன், பசுக்கள் அரை டஜன், மிதிவண்டியில் விரையும் பாதிரியார் ஒருவர், நடைமேடையில் முத்தமிடும் காதலர் இருவர். அனைத்தையும் பசையிட்டு ஒட்டியதும் ‘நுண்விவரங்கள் சேர்த்தாயிற்று’ என்று அறிவிக்கிறார்கள். எத்தனை ஒட்டினோம் என்பதே பெருமை. இவ்வழக்கை நாம் முற்றாக மறுக்கிறோம். அவை விவரங்களே அல்ல, வெறும் பண்டங்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் பொம்மை ரயிலுக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் கருப்பொருள் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கருப்பொருள் என்பது பாட்டின் மேல் தூவப்படும் அழகுப்பொடி அன்று. இன்ன நிலத்தில், இன்ன பொழுதில் இதுதான் இருக்கும் என்னும் கட்டாயத்திலிருந்து பிறப்பது. இப்பாடத்தை ஒப்புக்கொள்ளும் தமிழாசிரியர் எவருக்கும், நான்கு அடிப் பலகையின் மேல் ஒரு நாட்டை எழுப்புவோன் செய்யும் தவறு சட்டென்று விளங்கும். அவன் முதற்பொருளை முடிவு செய்யாமலேயே கருப்பொருளை வாங்கக் கடைக்குப் போய்விடுகிறான்.

நாம் சொல்லும் முறைக்குச் சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. ராய் இங்கிலாந்து என்னும் ஆஸ்திரேலியர் 1925இல் அந்நாட்டுக்கு வந்தார். (பெயரே நாடாக அமைந்தது தற்செயல்தான்.) வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என வழங்கும் பகுதியின் சிற்றூர்களில் அவர் மனம் தோய்ந்தது. அங்கே பழைய குடிசைகளின் வேய்ந்த கூரைகள் அகற்றப்பட்டு மலிவான புதுப்பொருள்கள் ஏறுவதைக் கண்டார். மறைந்துகொண்டிருக்கும் அந்நாட்டுப்புறத்தை 1 அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில், அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்காக, செய்து வைத்துவிடுவது என்று உறுதிபூண்டார். ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் லாங் விட்டனம் என்ற ஊரில் 1954இல் அவர் தொடங்கிய பென்டன் அருங்காட்சியகம் இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் உண்மையாக நின்ற வீடுகளின் நகல்கள். நேரில் சென்று அளந்தும், நிழற்படங்களைத் தேடித் தொகுத்தும் செய்யப்பட்டவை. அட்டையில் செங்கல் வரிசைகளைக் கீறி, ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஒரு குடிசைக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் செல்லும்.

பென்டனின் சிறப்புப் பொறுமையில் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். பொறுமை என்பது பாதிதான். ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்ற வினாவுக்கு அங்குள்ள பெரும்பாலான பொருள்கள் விடை சொல்லும் என்பதே அதன் மெய்யான சிறப்பு.

அந்த வினாவை எழுப்பிப் பார்த்தால் என்னென்ன கிடைக்கும் என்பதற்குச் சில சொல்வோம். நீராவிக் காலத்து நிலையத்தில் ஜல்லிக்கற்கள் எங்கும் ஒரே நிறமாக இரா. எஞ்சின் நாள்தோறும் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது நடைமேடையின் முனையாக இருக்கலாம். கைகாட்டி மரத்தின் முன்போ, தண்ணீர் பிடிக்கும் தூணின் அருகிலோ இருக்கலாம். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே எண்ணெய் சொட்டிக் கறுத்திருக்கும். மற்ற இடங்களில் துருவும் பிரேக் தூளும் படிந்து பழுப்பேறியிருக்கும். பாதைக்கு மேலே செல்லும் பாலத்தின் வளைவில், புகைபோக்கி கடந்துபோகும் இடத்துக்கு நேர் மேலே, கரி அப்பியிருக்கும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு சிட்டிகைக் கறுப்புச் சாயம். வாங்கி ஒட்டிய ஐம்பது பொம்மைகள் சொல்லாத ஒன்றை அந்தச் சிட்டிகை சொல்லிவிடும்: இங்கே ஒரு வண்டி பல ஆண்டுகளாக, நாள் தவறாமல், இதே இடத்தில் வந்து நின்றிருக்கிறது.

இனிப் புல்லுக்கு வருவோம். இந்நாளில் நைலான் இழைகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, பசை தடவிய பரப்பின் மேல் செங்குத்தாக நிற்கச் செய்யும் கருவி மலிந்துவிட்டது. காண அழகாகவே இருக்கிறது. கருவி கையில் இருப்பதனாலேயே பாதையோரச் சரிவெங்கும் புல்லும் புதரும் மரமும் மண்டுகின்றன. 1930களின் இங்கிலாந்தில் அவ்வாறு இருந்ததில்லை! எஞ்சினிலிருந்து தெறிக்கும் தீப்பொறி கோடையில் காய்ந்த புல்லைப் பற்றிக்கொள்ளும். பக்கத்து வயலும் சேர்ந்து எரியும். ஆகவே பாதைப் பணியாளர்கள் சரிவுகளை அரிவாளால் ஒட்ட அரிந்து வைத்தார்கள். மரம் வளர விடவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைத் தடங்களில் நீராவி 1968 ஆகஸ்டில் ஓய்ந்தது. இன்று நாம் காணும் காடு அதன் பிறகு மண்டியது. 1930ஆம் ஆண்டு எஞ்சினைப் பளபளக்க ஓடவிட்டு, இரு புறமும் இக்காலத்துப் புதரை நடுவோன் காலத்தை மயக்குகிறான். திணைமயக்கத்துக்கு இலக்கணத்தில் இடமுண்டு. அறியாமைக்கு அந்தச் சலுகை இல்லை. மேலும், அந்தச் சரிவை மொட்டையாக விட்டால் அங்கே அரிவாளோடு நின்ற மனிதர்களும் கண்ணுக்குப் புலப்படுவார்கள். புதரை நட்டால் அவர்களுடைய உழைப்பும் சேர்ந்து புதைந்துபோகும். நம் சினத்துக்கு முதற்காரணம் இதுவே.

மரத்தின் உயரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் மிகுதியாகப் பயிலும் 76இல் ஒரு பங்கு மாதிரிகள், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. உண்மைப் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர் ஆகையால் சரியான அளவு 18.83 மில்லிமீட்டர். இந்த 2.33 மில்லிமீட்டர் குறைவைப் பொறாதவர்கள் 1960களிலேயே தனி அளவுமுறை வகுத்து, தண்டவாளத்தைத் தாமே செய்து, வண்டியின் சக்கரங்களையெல்லாம் மாற்றினார்கள். அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் அவ்வளவு துல்லியம் பேசுவோரின் தளங்கள் சிலவற்றிலும் மரங்கள் 12 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. கணக்கிட்டால் 9 மீட்டர். நம்மூர்க் கொல்லை முருங்கையின் உயரம். இங்கிலாந்தின் முதிர்ந்த எல்ம் மரமோ 30 மீட்டர் நிற்கும். மேசையில் அது 39 சென்டிமீட்டர் ஆக வேண்டும். எஞ்சினையும் நிலையத்தையும் குள்ளமாக்கிவிடும் என்று அஞ்சியே பலர் அந்த உயரத்தைத் தவிர்க்கிறார்கள். குள்ளமாகட்டுமே! அந்நாட்டில் ரயில் அப்படித்தான் இருந்தது: பெருமரங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே ஊர்ந்த ஒரு சிறு பொருள்.

எல்ம் மரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. உயிர்வேலிகளின் வரிசையில் நெடிதோங்கி நின்று அந்நிலத்துக்கு உருவம் கொடுத்த மரம் அது. 1960களின் இறுதியில், வட அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான தடிகளோடு ஒரு பூஞ்சை நோயின் கொடிய வகை வந்திறங்கியது. வண்டுகள் அதனை மரத்துக்கு மரம் பரப்பின. அடுத்த இருபது ஆண்டுகளில் பிரிட்டனில் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் பட்டுப்போயின. வானத்தை மறைத்துக்கொண்டு நின்ற அந்தத் தொடுவானம் இன்றைய இங்கிலாந்துக் குழந்தைக்குத் தெரியாது. கம்பியை முறுக்கிக் கிளையாக்கி, இலையாகப் பொடியை ஒட்டிச் செய்த எல்ம் மரத்தை அக்குழந்தை மேசைமேல் காண முடிகிறதென்றால், அதனைச் செய்தவர் பெயரறியாத ‘மரம்’ ஒன்றைப் பொட்டலத்திலிருந்து எடுத்து ஊன்றிவிடாததே காரணம்.

‘நாங்கள் வரலாறு எழுதவில்லை, கற்பனை ஊர்களைப் படைக்கிறோம்’ என்பார்கள். நன்று. ஜான் ஆஹெர்ன் 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய மேடர் பள்ளத்தாக்கு ரயில்வே முழுக்கக் கற்பனைதான். மேடர்போர்ட் என்ற ஊர் எந்த நிலப்படத்திலும் இல்லை. ஆயினும் அதன் கட்டடங்கள் பல, உண்மைக் கட்டடங்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஊருக்கும் பாதைக்கும் உள்ள உறவு நம்பத் தகுந்தது. ஆஹெர்னின் மறைவுக்குப் பின் அது பென்டனுக்கே வந்து சேர்ந்தது. பொருத்தமான புகலிடம்.

‘விளையாட்டில் இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா?’ என்பது அடுத்த மறுப்பு. விளையாட்டை நாம் பகைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் அமைத்த தளத்துக்கு, ‘குருதி தோய்ந்து தோற்றது’ என்று பொருள்பட ஒலிக்கும் பெயரையே அவர் வேடிக்கையாகச் சூட்டியிருந்தார். வண்டிகளுக்கும் கட்டடங்களுக்கும் பழமையின் அழுக்கை ஏற்றிக் காட்டுவதில் முன்னோடி அவர். அந்தத் தளத்தில் எம்மா என்றொரு ஸ்டெகோசாரஸ் டைனோசர் இருந்தது. அது சும்மா நிற்கவில்லை. நிலையத்தில் பெட்டிகளை இழுத்து ஒதுக்கும் பணி அதற்கு! நகைச்சுவைக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. 1973 ஜனவரியில் ஆலன் இறந்து பத்து நாள்களில் தீப்பிடித்து அத்தளம் அழிந்தது. இன்று அதனை அறிய நிழற்படங்களே பெருந்துணை. எம்மாவைப் பார்த்துத் தம் தளத்திலும் டைனோசர் வாங்கி நிறுத்தியவர்கள் அதற்கு வேலை கொடுக்க மறந்துவிட்டார்கள்.

2001இல் ஹாம்பர்க்கில் திறக்கப்பட்ட மினியாட்டூர் வுண்டர்லாண்ட் இப்போது எல்லோருக்கும் இலக்காகிவிட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மனித உருவங்கள். மூலைக்கு மூலை ஒரு வேடிக்கை. திருவிழாவைத் திருவிழாவாகப் பார்ப்பதில் நமக்குத் தடையில்லை. அந்தத் திருவிழாவை நான்கு அடிப் பலகையில் திணித்து, ஒரு கிராம நிலையத்தில் ஒரே நேரத்தில் திருமணமும் தீவிபத்தும் திருட்டும் நிகழ்த்துவோரிடம்தான் நம் வழக்கு. உண்மையான கிராம நிலையத்தில் ஒருவர் பெட்டியின் மேல் அமர்ந்து வண்டிக்குக் காத்திருப்பார், அவ்வளவுதான். ஓடும் பாவனையில் காலைத் தூக்கிய பொம்மை மறுகணமும் தூக்கியபடியே இருக்கும். காத்திருப்பவர் மட்டுமே அசையாமையைப் பொய்யாக்காமல் இருக்க வல்லவர்.

அழுக்கேற்றும் கலையும் இப்போது நோயாகிவிட்டது. சுவரெல்லாம் காரை பெயர்ந்து, தகரமெல்லாம் துருவேறி, நிலையமே பாழடைந்து நிற்கிறது. எண்ணெய்க் கறையும் கரியும் ஓடும் பாதையின் அடையாளங்கள். நாம் அவற்றைத்தான் கேட்டோம். 1930களின் ரயில் நிறுவனங்களோ நிலையத் தோட்டங்களுக்குப் போட்டி வைத்துப் பரிசளித்தன. வண்ணம் பூசவும் பித்தளையைத் துலக்கவும் ஆள்கள் இருந்தனர். பாழைச் சுவைக்காகத் தூவுவது, வறுமையை அழகுப்பொருளாக்கும் நம் சில சிறுகதைகளைத்தான் நினைவூட்டுகிறது.

இதே கோலால் பென்டனையும் அளந்தாக வேண்டும். அங்கே எப்போதும் இனிய கோடை. விளைபொருளுக்கு அரசு அளித்திருந்த விலை உறுதி 1921இல் திரும்பப் பெறப்பட்டது; உழவுத் தொழிலாளரின் கூலி சரிந்தது. அழகிய வேய்கூரையின் கீழே ஈரம் ஊறும் சுவர்களும், கிணற்றிலிருந்து நீர் சுமக்கும் பெண்களும் இருந்த காலம் அது. கூரையின் ஒவ்வொரு வைக்கோல் இழைக்கும் காட்டிய பரிவில் ஒரு பங்கு, மழை நாளின் சேற்றுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது நம் குறை. ஆயினும் அந்தக் குறையைக் கண்டு சொல்லும் தகுதியையே பென்டன்தான் நமக்கு அளிக்கிறது. பொட்டலத்து மரங்கள் நிற்கும் தளத்தில் எதுவும் பிழையாக இருக்க முடியாது. ஏனெனில் அங்கே எதுவும் எதையும் சொல்லவில்லை.

நம் சொல்லை ஏற்போர் பெரிதாக எதுவும் தொடங்க வேண்டியதில்லை. ஊரையும் ஆண்டையும் மாதத்தையும் ஒரு தாளில் எழுதுக. பிறகு தண்டவாளத்தின் ஒரு அடி நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்க. எஞ்சின் எங்கே நிற்கும், எண்ணெய் எங்கே சொட்டும், புல்லை எவர் அரிந்தார், அரிந்த புல் எங்கே போயிற்று என்று வினவி, விடை கிடைத்தவற்றை மட்டும் வைக்க. விடை கிடைக்காத இடத்தில் வெறும் மண் இருக்கட்டும்.