ஒயினுக்கும் டம்மி நம்பர் வேண்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. பி.காம். படிக்கிற எனக்கு ஒயினில் சுவாரசியமான விஷயம் அதன் விலைதான். தரம் இருந்தால் விலை ஏறும் என்று நாம் நினைக்கிறோம். ஐரோப்பாவின் உயர்ரக ஒயினில் பல நேரம் இது தலைகீழ். விலை ஏறினால் சுவை ஏறிவிடுகிறது!

1855-ல் பாரீஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக போர்தோ பகுதி ஒயின்களைத் தரம் பிரிக்கும் வேலை அங்கிருந்த தரகர்களிடம் வந்தது. அவர்கள் எதை வைத்துப் பிரித்தார்கள் தெரியுமா? சந்தை விலையை வைத்து. சிவப்பு ஒயின்களில் ஐந்து வகுப்புகள். முதல் வகுப்பில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என நான்கே பெயர்கள். இரண்டாம் வகுப்பில் இருந்த மூத்தோன் ரோத்ஷீல்டு முதல் வகுப்புக்கு ஏற 1973 வரை, அதாவது 118 வருடங்கள், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல் இன்றும் செல்லுபடியாகிறது.

அப்படியானால் ஒயின் சுவைப்பது வெறும் பந்தாவா? அப்படியும் சொல்ல முடியாது. நிறம், மணம், புளிப்பு, இனிப்பு, கட்டி டீ குடித்தால் நாக்கு இறுகுமே அந்தத் துவர்ப்பு, விழுங்கிய பின்னும் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது... இதையெல்லாம் பழகினவர்கள் பிரித்துச் சொல்வார்கள். அது திறமைதான். சிக்கல் என்னவென்றால், அந்தத் திறமையைக் கண் கெடுத்துவிடுகிறது.

2001-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். போர்தோவில் ஒயின் படிப்பு படித்த 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளால் அதை வர்ணித்தார்கள்! 2008-ல் இன்னொரு ஆய்வு. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர்தான் அதிகம் பிடித்திருந்தது.

லேபிளை மறைத்தால் என்ன ஆகும்? 1976 மே 24 அன்று பாரீஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி அதைத்தான் செய்தார். பிரெஞ்சு ஒயின்களோடு கலிஃபோர்னியா ஒயின்களையும் வைத்து, 20-க்கு மார்க் போடச் சொன்னார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்களின் மார்க்கைக் கூட்டினால், சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிஃபோர்னியா முதலிடம்! மூன்று வருடம் முன்புதான் முதல் வகுப்புக்கு ஏறிய மூத்தோன் இரண்டாவது. பிரெஞ்சு ஒயின் பழகப் பழகத்தான் சிறக்கும் என்று சமாதானம் சொன்னார்கள். 2006-ல் சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கே போனது.

கணக்குப் பதிவியலில் குட்வில் என்ற நற்பெயருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதைத் தனி வரியில் எழுதுவோம். கையிருப்புச் சரக்கின் மதிப்போடு சேர்த்தால் ஆடிட்டர் விடமாட்டார். ஒயின் விமர்சகர்கள் இரண்டையும் ஒரே மார்க்கில் கலந்து கொடுத்தால் நஷ்டம் யாருக்கு? நல்ல ஒயின் தயாரித்தும் பெயர் இல்லாத புது ஆளுக்கு.

பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுகிறார்கள். திருத்துபவருக்கு மாணவன் பெயரும் தெரியாது, கல்லூரியும் தெரியாது. சின்ன ஊர்க் கல்லூரிப் பையனுக்கும் நியாயமான மார்க் கிடைக்க அதுதான் வழி. ஒயினுக்கும் அப்படித்தான். முதலில் பாட்டிலை மூடி மார்க் போடட்டும். பெயரையும் விலையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.