கயிறும் கத்தியும்
2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், பள்ளி மாணாக்கர் சிலர் ஜாதித் துவேஷத்தால் தம்மோடு பயின்ற பையனை வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் சர்க்கார் நியமித்த, ஓய்வுபெற்ற நீதிபதி ஸ்ரீ கே. சந்துருவின் கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை சமர்ப்பித்தது. ஜாதி காட்டும் வர்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடுக்க வேண்டுமென்பது அதன் சிபார்சுகளுள் ஒன்று.

சிபார்சு நியாயமானதே. ஆனால், கயிற்றின் பெருமையைப் பையனுக்குப் புகட்டியவர் யார்? பெரியோரல்லவா? கோபத்தை அடக்கவும், பிணக்கைப் பேசித் தீர்க்கவும், அடிபடும் தோழனுக்குத் துணைநிற்கவும் வகுப்பில் கற்பிப்பது அவசியம். எனினும், பகலில் உபாத்தியாயர் போதிப்பதை மாலையில் ஊர்த் திண்ணை அழித்துவிடுமாயின் பயனென்ன?

மேடைதோறும் ஐக்கியம் பேசும் தேச ஊழியர்களைக் கேட்கிறோம்: சொந்த ஊர் வாலிபரிடம் இதை எடுத்துரைத்தீர்களா? வோட்டுக்கு அஞ்சி அங்கே வாய்மூடி நிற்போருக்கு அஹிம்சையின் பெயரை உச்சரிக்கவும் உரிமையில்லை.