கோழிக்கூட்டில் எடுத்தாலும் படம் படந்தான்

போன கிழமை தருமபுரத்தில் ஒரு தாய் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. அங்கே உயர்தரம் முடித்த பிள்ளையொன்று, மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பழைய கமராவை வைத்துக்கொண்டு, வீட்டு விறாந்தையிலேயே மாணவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறாள். "வீட்டில எடுக்கிறதெல்லாம் ஒரு படமே தங்கச்சி? டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில எடுத்தாத்தான் படம்" என்று அவளுடைய முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அந்தத் தாய் தன் மகளைக் கிளிநொச்சிக்கு பஸ் ஏற்றினார். வன்னி முழுக்க இதே பேச்சுத்தான்.

வீட்டிலேயே படம் எடுத்துப் பேர்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனுக்கு முதல் கமரா கிடைத்தது 1863 இல், 48 வயதில். மகளும் மருமகனும் கொடுத்தது. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த தன் வீட்டில் கரிக்கொட்டிலை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டுக்குக் கண்ணாடி போட்டு ஸ்டூடியோவாக்கினார். கவிஞர் டெனிசனும் விஞ்ஞானி டார்வினும் அவருடைய கமராவுக்கு முன்னால் அமர்ந்தார்கள். 1875 இல் இலங்கைக்கு வந்து இங்கேயும் படம் எடுத்தார். 1879 இல் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். கோழிக்கூட்டில் தொடங்கியவரின் படங்களை உலகத்து அருங்காட்சியகங்கள் பொத்திப் பாதுகாக்கின்றன. எங்கள் விறாந்தையில் மட்டும் படம் வராதாம்!

வரும். வீட்டுத்திட்ட வீட்டின் சின்ன விறாந்தையே போதும். வெயில் நேரே விழாத பக்கமாகப் பிள்ளையை இருத்தி, சுவரிலிருந்து ஐந்தாறு அடி முன்னுக்கு எடுத்தால் சுவரில் நிழல் விழாது. வெளிச்சம் கடுமையாக இருந்தால் வெள்ளை வேட்டியொன்றை மறைப்பாகக் கட்டலாம். வெளிச்சம் குறைந்த மற்றக் கன்னத்துப் பக்கம் ஒரு றிஜிபோம் பலகை வைக்கலாம். சிவப்புச் சீமெந்து நிலமென்றால் நாடியில் சிவப்பு அடிக்கும். வெள்ளைச் சீலையை விரித்துவிட வேண்டும். வெள்ளைச் சீருடையைக் கண்டதும் கமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். சற்றுக் கூட்டி வைத்தால் சரி. இதையெல்லாம் அந்தப் பிள்ளை தானாகவே பழகியிருக்கிறாள்.

டவுனுக்குப் போன மகளுக்கு நடந்தது என்ன? முகத்துக்கு நேரே பிளாஷ், பின்னால் நீர்வீழ்ச்சித் திரை, பிறகு கணினியில் வெள்ளையடிப்பு. சின்ன வயதில் வேலிக்கம்பி கீறிய தழும்பு நாடியில் இருந்தது, அதையும் அழித்துவிட்டார்கள். வெயிலில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கறுப்பில் என்ன குறை கண்டோம்? பெற்ற தாயே அந்த வெளுத்த முகத்தைப் பார்த்து "வடிவாயிருக்கு" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

தேசிய அடையாள அட்டைக்கான படத்தை 2017 இலிருந்து பதிவுபெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அதற்குப் போங்கள். மாணவத் தலைவர் படத்தையும் சுவரில் மாட்டும் படத்தையும் டவுனில்தான் எடுக்க வேண்டுமென்று எந்தத் திணைக்களமும் சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளை செய்தால் மட்டம், டவுன்காரன் செய்தால் உசத்தி என்ற நினைப்பு எங்களுடையது. தையலிலும் ரியூசனிலும் இதே நோய்தான்.

2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்கள் பலவற்றிடம் பிள்ளைகளின் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. படத்தின் அருமை தெரிந்த சனம் நாங்கள். ஊருக்கு ஊர் ஒரு பிள்ளை கமராவோடு இருந்தால் எங்களுக்குத்தானே நல்லது? கோழிக்கூட்டைக் கேவலமென்று அன்று டெனிசன் திரும்பிப் போகவில்லை.

பெற்றோரே, அடுத்த தவணைக்கு முதல் ஒருக்கால் அந்த விறாந்தைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். "எங்கட பிள்ளைதானே" என்று பேரம் பேசாமல், டவுனில் கொடுக்கிற காசை அங்கேயும் கொடுங்கள்.