கால் சென்ட் கடைக்குப் பூட்டு! நூறு ஹெக்டேருக்குத் திறந்த கதவு!



நம்ம சங்க உறுப்பினர் ஒருவர். பேர் வேண்டாம், ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில் அவர் பேர் எல்லா மேசைக்கும் பாடமாகிவிட்டது. நாலரை மா நிலம், அதாவது ஒண்ணரை ஏக்கர். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வீட்டுக் கொல்லையில் நின்ற தென்னை எல்லாம் சாய்ந்தது. நெல் ஒன்றை நம்பிப் பிழைக்க முடியாது என்று, சொந்த வயலின் ரோட்டோரத் தலைமாட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை போட நினைத்தார். தன் வயல் மாப்பிள்ளைச் சம்பா, சம்சாரம் பறிக்கும் கீரை, பால், கூடவே ஊருக்கு வேண்டிய உப்பு, புளி, தீப்பெட்டி. நம்ம ஊரில் தீப்பெட்டி வாங்கவே 6 கிலோமீட்டர் போகணும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, நல்ல விஷயம்தான். பஸ் வந்தால்தானே!

பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திர நகல் அத்தனையும் வைத்து மனு கொடுத்தார். ஒரு ஆபீஸில் இன்னொரு ஆபீஸுக்குப் போ என்றார்கள். அங்கே போனால் அறிக்கை வரவில்லை என்றார்கள். அலமாரிக்கும் தகரத்துக்கும் அவர் சம்சாரம் மகளிர் குழுவில் வாங்கிய 40 ஆயிரத்துக்கு மாசம் தவறாமல் தவணை மட்டும் போனது. பதினோரு மாசம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: இடம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் உள்ளதால் மனு ஏற்பதற்கில்லை.

தோழர்களே, இந்த ஒரு வரியைப் படித்ததும் நமக்கு வயிறு எரிந்தது. ஏன் தெரியுமா? அந்த மண்டலம் யாரோ நமக்குப் போட்ட பிச்சை இல்லை. மீத்தேனை எதிர்த்து ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் அய்யா, 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில்தான் உயிரை விட்டார். 2017-ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் கொதித்தன. அதற்குப் பிறகுதான் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அடிபட்டது நாம், வழக்கு வாங்கியது நாம். அந்தச் சட்டத்தையே எடுத்து நம்ம ஆள் தலையில் போடுவதா?

சட்டத்தை வாங்கிப் படித்தோம். அதில் தடை செய்த தொழில் எது எது என்று பட்டியலே இருக்கிறது. துத்தநாக உருக்காலை, தாமிர உருக்காலை, அலுமினிய உருக்காலை, இரும்புத் தாது பதப்படுத்தும் ஆலை, உருக்காலை, தோல் பதனிடும் தொழில், கப்பல் உடைக்கும் தொழில், எண்ணெய், மீத்தேன், ஷேல் எரிவாயு எடுப்பது. உப்பு புளி விற்கிற கடை அதில் எங்கே இருக்கு? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது! சட்டம் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது நிறுத்தவும் இல்லை. கிணறு ஓடலாம், கீரைக்கடை கூடாதா?

உண்மையான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி வாங்கணும். இதற்கு 2017-ல் தனி விதிகளும் வந்தன. நன்செய் என்றால் கெடுபிடி அதிகம், கோப்பு மாவட்ட ஆட்சியர் வரைக்கும் ஏறி இறங்கணும். அந்தக் கட்டுப்பாடு இருக்கட்டும், நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயலில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, பிளாட் விற்கிறவனைத் தடுக்கத்தான் அது வேணும். ஆனால் பிளாட் போட்டவனுக்கு என்ன நடந்தது? 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் அரசே திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் சரியாகிவிடும். தவறவிட்டவனுக்குக் கால நீட்டிப்பு, அதற்கு மேலும் நீட்டிப்பு. அனுமதி கேட்காமல் வயலை அழித்தவனுக்கு நீட்டிப்பு. முறைப்படி அனுமதி கேட்டவனுக்கு நிராகரிப்பு!

இன்னொன்றும் கேளுங்கள். 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால், உள்ளே ஏரி, வாய்க்கால், ஓடை கிடந்தாலும் சேர்த்து ஒருங்கிணைக்க வழி. 100 ஹெக்டேர் என்றால் 247 ஏக்கர், நம்ம கணக்கில் 37 வேலி. இந்தக் கடை 120 சதுர அடி. ஒரு சென்ட் 435 சதுர அடி சொச்சம், அப்போ கடைக்குக் கால் சென்டும் கொஞ்சமும். 37 வேலி கேட்டால் சட்டமே வளைகிறது, கால் சென்ட் கேட்டால் சட்டம் விறைக்கிறது.

கடை என்று சொல்லி உள்ளே வேறு ஆள் புகுந்துவிடுவான் என்று ஒரு அதிகாரி நம்மிடம் சொன்னார். நியாயமான பயம்தான், மறுக்கவில்லை. இன்றைக்குக் கடை, நாளைக்குக் கல்யாண மண்டபம் என்று ஆன இடங்கள் நமக்கும் தெரியும். அதற்கு நிபந்தனை போடுங்கள். சொந்த நிலத்தில் சொந்தமாக உழுகிற விவசாயிக்கு மட்டும், 200 சதுர அடிக்குள், வாய்க்காலையும் வரப்பையும் தொடாமல். கடையை வாடகைக்கு விடவோ கைமாற்றவோ கூடாது, மீறினால் அனுமதி ரத்து. மனு கொடுத்த 30 நாளில் முடிவு சொல்லணும். மறுத்தால் எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று எழுத்தில் காட்டணும். மாவட்டத்தில் வேளாண் மண்டலக் குழு என்று ஒன்று ஆட்சியர் தலைமையில் இருக்கிறதே, அது இதைக்கூடச் செய்யாவிட்டால் எதற்கு? நம்ம உறுப்பினரின் மனுவை உடனே மறுபரிசீலனை செய்யணும். அவர் கட்டின வட்டியை யார் கொடுப்பது என்பதையும் அங்கேயே கேட்போம்.

அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். இந்த மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் பச்சைத் துண்டோடு திரண்டு வாருங்கள். இதுபோல் மனு கொடுத்து மறுக்கப்பட்டவர்கள் நிராகரிப்புக் கடிதத்தின் நகல் இரண்டு எடுத்து வரவும். ஒன்று மனுவோடு போகும், இன்னொன்று சங்கத்தில் இருக்கும். கடிதமே தராமல் வாய்ச்சொல்லில் விரட்டியிருந்தால், தேதியும் போன ஆபீஸும் ஒரு தாளில் எழுதி வந்தால் போதும், மனுவை நாம் எழுதித் தருகிறோம். காலை 9 மணிக்குச் சங்கக் கொட்டகையிலிருந்து வேன் கிளம்பும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், கூட்டம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது.