ஊதுடா! இறங்குடா!

அம்பத்தூர் எஸ்டேட். காலை ஷிஃப்டுக்குச் சங்கு ஊதப் பத்து நிமிஷம் இருக்கிறது. ஒரு கம்பெனி வாசலில் இரண்டு வரிசை. ஒன்று அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போகிற வரிசை. இன்னொன்று காண்ட்ராக்ட் ஆட்கள் வரிசை. இந்த வரிசைக்கு மட்டும் செக்யூரிட்டி கையில் ஒரு மெஷின். "ஊதுடா!" அப்பன் வயதுக்காரர் ஊதுகிறார். மெஷின் கத்தினால் அன்றைய கூலி போச்சு. மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டால் வேலையே போச்சு. பின்னாலேயே மேனேஜர் கார் வருகிறது. கேட் அகலத் திறக்கிறது. அவர் வாயை யாரும் மோந்து பார்ப்பதில்லை. சேரிக்காரன் என்றால் குடிகாரன் என்று சாதி சொல்லி வைத்ததைத்தான் மெஷினும் தேடுகிறது.

குடித்துவிட்டு வேலைக்கு வா என்று நாம் சொல்லவில்லை. குடியால் அழிந்த குடும்பம் எத்தனை என்று நம் தாய்மாரைக் கேட்டால் விரல் விட்டு எண்ணுவார்கள், விரல் போதாது. பவர் பிரஸ்ஸில் ஒரு நொடி கண் அசந்தால் கை போகும். ரயில் டிரைவர் ஊதிக் காட்டிவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார். ஆயிரம் உயிர் அவர் கையில் இருக்கிறது, அது நியாயம். நம் கேள்வி வேறு. யாரைச் சோதிக்கிறாய்? எப்படிச் சோதிக்கிறாய்? சோதித்த பிறகு என்ன செய்கிறாய்?

மெஷின் சொல்வது வேதவாக்கா? 2025 ஜூலையில் கேரளத்துப் பந்தளம் பஸ் டிப்போவில், சொட்டு சாராயம் தொடாத டிரைவர்களைக் குடித்தவர்கள் என்று காட்டியது மெஷின். அவர்கள் தின்றது பலாச்சுளை. தின்றுவிட்டு மறுபடி ஊதிப் பார்த்துத்தான் உண்மை தெரிந்தது. காண்ட்ராக்ட் ஆளுக்கு மறுபடி ஊத யார் விடுவார்கள்? வாய் நாற்றமும் தள்ளாட்டமும் மட்டும் குடித்ததற்குச் சாட்சியாகாது என்று உச்சநீதிமன்றம் 1971லேயே சொல்லியாயிற்று. மூத்திரச் சோதனை இன்னும் வில்லங்கம். கஞ்சாவின் தடயம் மூத்திரத்தில் பல நாள் தங்கும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அது புதன்கிழமை காட்டிக்கொடுக்கும். புதன்கிழமை அவன் தெளிவாக இருந்தானா என்று அதற்குத் தெரியாது.

விமானம் ஓட்டுபவர்களுக்கு 2022 ஜனவரி 31 முதல் போதைப் பொருள் சோதனை நடக்கிறது. முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் உறுதிப்படுத்த இன்னொரு சோதனை உண்டு. முதல் முறை மாட்டினால் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நல்ல விதி. பைலட் நோயாளி, நம்மாள் மட்டும் குற்றவாளியா?

இப்போது இன்னொரு வாசலுக்கு வாருங்கள். தரையோடு தரையாக, வட்டமாக, இரும்பு மூடி போட்ட வாசல். இங்கே யாரும் ஊதச் சொல்வதில்லை. "இந்தா, ஒரு கட்டிங் போட்டுக்கோ, நாத்தம் தெரியாது, இறங்குடா!" வாங்கிக் கொடுப்பவனே காண்ட்ராக்டர்தான். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மீறினால் மூக்கே செத்துவிடும், நாற்றமே தெரியாது. அதை அளந்து சொல்லவும் கையடக்க மெஷின் இருக்கிறது. மனிதன் வாயைச் சோதிக்கக் காசு இருக்கிறது, குழியின் வாயைச் சோதிக்கக் காசு இல்லை. 2024 ஆகஸ்டில் ஆவடியில் சாக்கடைக்குள் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் விஷவாயுவில் செத்தார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி ஜெயிலுக்குப் போகும் குற்றம். 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. பணம் ஏறியது, இறக்குவது நிற்கவில்லை.

நம்மாள் ஏன் குடிக்கிறான் என்று எந்த மெஷினும் கேட்பதில்லை. வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைக்க 1946ல் திருத்தம் கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். 2023 ஏப்ரலில் இதே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழி திறந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. ஆனால் ஓவர்டைம் என்ற பேரில் காண்ட்ராக்ட் ஆள் இன்னமும் 12 மணி நேரம் நிற்கிறான். தூக்கத்தை விரட்டப் புகையிலை ஒதுக்குகிறான், உடம்பு வலிக்குக் குவார்ட்டர் போடுகிறான். 2003 நவம்பர் முதல் அந்தக் கடையை நடத்துவதும் அரசுதான். ராத்திரி விற்கிறவன் அரசு, காலையில் பிடிக்கிறவன் முதலாளி.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தோழர்களே! சோதனை என்றால் மேனேஜர் முதல் துப்புரவுத் தொழிலாளி வரை எல்லோருக்கும் சோதனை என்று கேளுங்கள். மரியாதையாகப் பேசச் சொல்லுங்கள். மெஷின் கத்தினால் இரண்டாவது சோதனை, எழுத்தில் முடிவு, தொழிலாளி தரப்பில் ஒரு சாட்சி. மாட்டியவனுக்கு இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை, திரும்பி வந்தால் அதே வேலை. சாக்கடைக்கு மெஷின் மட்டும், மனிதன் இறங்கவே கூடாது.

நாளைக் காலை வாசலில் மெஷினை நீட்டினால், தனியாக நின்று கேட்காதீர்கள். வரிசை மொத்தமும் சேர்ந்து கேளுங்கள்: "சார் ஊதிட்டாரா?"